டிரிக்கரில் இருந்த விரல்

அன்புச்செல்வி என்று எனக்குப் பெயர் வைத்தவர்கள்தான், என் வாய்க்குப் பயந்துகொண்டிருக்கிறார்கள். கறம்பக்குடி மாப்பிள்ளை வருகிறார், இன்று ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு இரு என்று அம்மா கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். இருக்கத்தான் நினைத்தேன். போட்டோவில் பார்த்த அன்றே சிவபிரகாஷை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இந்த இடம் தட்டிப்போனால் என்னால் தாங்க முடியாது.

புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு ரைபிள் கிளப்பில், புதிதாக வருகிறவர்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுக்கிறேன். துபாயிலிருந்து லீவில் வந்தவருக்கு அதைப் பார்க்க ஆசை. பஜ்ஜி, கேசரியெல்லாம் வேண்டாம், கிளப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தன் அம்மா கண்ணாத்தாளோடு வந்துவிட்டார். என் அம்மாவும் வந்து பின்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஏர் ரைபிளைக் கையில் கொடுக்கும்போதே படித்துப் படித்துச் சொன்னேன். குழல் எப்போதும் இலக்கைப் பார்த்தே இருக்கணும். சுடுகிற நேரம் வரைக்கும் விரல் டிரிக்கருக்கு வெளியேதான் இருக்கணும். நன்றாகத் தலையாட்டினார். முதல் குண்டு அட்டையின் ஓரத்தில் பட்டது. அதற்கே முகமெல்லாம் பல். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த குண்டைப் போட்டுக் கொடுத்தேன்.

அங்கேதான் வந்தது வினை. பக்கத்தில் நின்ற தன் அம்மாவிடம் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு, துப்பாக்கியோடு அப்படியே அவர் பக்கம் திரும்பினார். விரல் டிரிக்கர் மேலேயே இருந்தது.

“வெரல எடுடா!”

கத்திக்கொண்டே குழலை மேலே தள்ளிவிட்டேன். பதறியதில் அவர் விரல் இறுகியது. டியூப் லைட் உடைந்து கண்ணாத்தாள் தலையில் கொட்டியது.

தானா வெடிச்சிருச்சுங்க என்றார் மாப்பிள்ளை. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. டிரிக்கர் தேய்ந்து போனாலோ, கீழே விழுந்து அடிபட்டாலோ சில துப்பாக்கி வெடிக்கும்தான். இது நேற்றுதான் சரிபார்த்தது, வெடிக்கவைத்தது உங்க விரல், போட்டோ ஆசையில் உள்ளே குண்டு இருப்பதே மறந்துபோச்சா, பெத்த தாய் நெஞ்சுக்கு நேராகவா நீட்டுவீங்க என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன்.

மூச்சு வாங்கியபோதுதான், மாப்பிள்ளையை ‘டா’ போட்டது உறைத்தது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு. எனக்கு அழுகை முட்டியது.

சிவபிரகாஷ் வெளிறிப்போய், குழலை இலக்குப் பக்கமாகவே வைத்துத் துப்பாக்கியை மேசையில் இறக்கினார். தப்புதான் என்று ஒத்துக்கொண்டார். அம்மா ஓடிவந்து கண்ணாத்தாளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

கண்ணாத்தாளோ தன் தலையிலிருந்த கண்ணாடித் தூளை உதறிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஒன்னு ஆயிரக் கூடாதுன்னு எம்மவனையே திட்டுனியே ஆத்தா. இப்புடி ஒருத்தி கெடைக்காமத்தான் இங்கிட்டும் அங்கிட்டும் அலைஞ்சேன். தையிலேயே வச்சுக்குவோம்.”