ரெண்டு பிரேக் வண்டி

பிரேக்கக்காவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் சிரித்தால் பாலைச் சந்தேகப்படுவாள், டாக்டர் சிரித்தால் மருந்தைச் சந்தேகப்படுவாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் வேறு எப்படி இருப்பாள், சொல்லுங்கள்! எதிரே வருகிறவன் எல்லாம் நம் மேல் மோதத்தான் வருகிறான் என்று நினைத்து நினைத்தே உயிரோடு இருக்கிறவள். அவளுடைய பழைய காரில், கற்றுக்கொள்ள வருகிறவரின் காலடியில் ஒரு பிரேக் உண்டு. பக்கத்து இருக்கையில் அவள் காலடியில் இன்னொன்று உண்டு. அந்த இரண்டாவது பிரேக்கால்தான் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர்.

அவளுடைய ஒரே தம்பி விமானப்படையில் பயிற்சி ஆசிரியன். போர் தொடங்கியதும் புதுப் பையன்களை அவசர அவசரமாக வானத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலை, இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம் ஒன்று வெட்டவெளியில் விழுந்தது. முன் இருக்கையில் இருந்த மாணவன் பாராசூட்டில் குதித்து, கால் உடைந்து, பிழைத்துக்கொண்டான். பின் இருக்கையில் இருந்தது தம்பி. அவன் பிழைக்கவில்லை.

"இயந்திரக் கோளாறும்மா" என்றார் வீட்டுக்கு வந்த அதிகாரி. சொல்லும்போது அவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாரே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே அவளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் வேறு, "எந்தப் போர்முனையில?" என்று கேட்டார்கள். "பயிற்சியில" என்று சொன்னால், "ஓ" என்றார்கள். அந்த "ஓ"வை அவள் இன்றுவரை ஒருவருக்கும் மன்னிக்கவில்லை.

பிழைத்த அந்த மாணவன் கால் கட்டைப் பிரித்த கையோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தான். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம், வாயில் "அக்கா, நல்லாயிருக்கீங்களா?" இதே பாட்டு. விடுப்புக் கிடைத்தால் போதும், வந்துவிடுவான். ஒழுகின குழாயைச் சரி பண்ணினான், டிரைவிங் ஸ்கூல் பலகைக்குப் பெயிண்ட் அடித்தான், தம்பி மனைவியோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் தம்பியைப் பற்றிப் பேசினான். வந்து ஒட்டிக்கொண்டவன் போகிற வழியாக இல்லை. பிரேக்கக்கா அவனுக்குக் கோந்து என்று பெயர் வைத்தாள்.

"இவன் எதுக்கு இங்க வந்து வந்து போறான்?" என்று தம்பி மனைவியிடம் கேட்டாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண், சட்டென்று யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டாள்.

"அவரைப் பத்திப் பேச அவனுக்கும் ஆள் வேணும் அண்ணி. எனக்கும் வேணும்."

"உன்னைப் பார்க்க வர்றானோ என்னமோ. யாரு கண்டா?"

தம்பி மனைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அண்ணி, வாயைக் கழுவுங்க. உங்க தம்பி இருந்திருந்தா இந்தப் பேச்சுக்கு என்ன சொல்லியிருப்பாரு?"

கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டோம் என்று பிரேக்கக்காவுக்கே தெரிந்தது. இருந்தாலும் சந்தேகம் சந்தேகம்தான். அவளுக்குக் காரணமும் இருந்தது. அந்தக் காலையைப் பற்றி எத்தனை தடவை கேட்டாலும் கோந்து ஒரே வாக்கியத்தைத்தான் ஒப்பித்தான்: "ஸ்டிக் இறுகிப் போச்சுக்கா, அசையவே இல்ல." ஸ்டிக் என்பது விமானத்தை ஓட்டுகிற பிடி; முன் இருக்கையில் ஒன்று, பின் இருக்கையில் ஒன்று, இரண்டும் சேர்ந்தே அசையும். ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை குறையவில்லை. உண்மையாகவே பார்த்தவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவான். நேற்று மறந்தது இன்று ஞாபகம் வரும். காரைச் சுவரில் இடித்துவிட்டு வந்து நிற்கிற எத்தனை பேரைப் பார்த்தவள் அவள்! மனப்பாடம் பண்ணினவன்தான் இப்படிச் சொல்லுவான்.

அவள் முடிவே கட்டிவிட்டாள். இவன் பயந்துபோய் ஸ்டிக்கை உடும்புப் பிடியாகப் பிடித்திருக்கிறான். விட மறுத்திருக்கிறான். இவனைக் காப்பாற்றப் போய்த் தம்பி செத்திருக்கிறான். மேலே இருக்கிறவர்கள் பூசி மெழுகிவிட்டார்கள். அந்த உண்மை இவன் வாயிலிருந்தே வரவேண்டும். பழி எங்கே போய் உட்காரவேண்டுமோ அங்கே உட்காராத வரைக்கும் அவளுக்குத் தூக்கம் இல்லை.

அடுத்த முறை அவன் வந்தபோது வலையை விரித்தாள்.

"ஆகாசத்துல ஓட்டுறவனுக்குத் தரையில கார் ஓட்டத் தெரியாதாமே? வெளிய சொல்லாத, சிரிப்பாங்க. வா, நான் கத்துத் தர்றேன்."

கோந்து திருதிருவென்று விழித்தான். "இப்பவேவா அக்கா?"

"பின்ன, நாள் பார்த்தா வருவ?"

பிரேக்கக்காவுக்கு ஒரு கணக்கு உண்டு. புதிதாக ஓட்டுகிறவனுக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் ரோட்டில், உயிர் தொண்டையில். பொய் சொல்ல அவனிடம் எதுவும் மிச்சம் இருக்காது. எத்தனை வீட்டு ரகசியங்கள் அந்தக் காரில் கொட்டியிருக்கின்றன என்று அவள் வாயைத் திறந்தால் தெருவில் பாதிப் பேர் ஊரைவிட்டே ஓடவேண்டியிருக்கும்.

சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவே இருந்த அகலமான சாலையில் வண்டியை விடச் சொன்னாள். கிளட்சை விட்டதும் வண்டி இரண்டு தடவை குதித்தது, அப்புறம் நகர்ந்தது. அவன் தோள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதுதான் நேரம் என்று அவள் வாயைக் கிளறத் தயாரானாள்.

அதற்குள் ஒரு கிட்டங்கி வாசலிலிருந்து லாரி ஒன்று பின்பக்கமாக வெளியே வந்தது. கோந்தின் கால் பிரேக்கைத் தேடித் தடுமாறியது. பிரேக்கக்கா வழக்கம்போல ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைக்கூடத் திருப்பாமல், தன் பிரேக்கை மெல்ல அழுத்தினாள். வண்டி பதவிசாக நின்றது. லாரி போனது. அவள் காலை எடுத்தாள்.

இதுதான் அவள் வித்தை. பயந்தவனைக் கத்தி இன்னும் பயமுறுத்தக் கூடாது. அவனுக்குத் தெரியாமல் நிறுத்திவிட வேண்டும். தானே நிறுத்தினேன் என்று நினைப்பான், அடுத்த தடவை உண்மையாகவே நிறுத்துவான். இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

"நீங்கதான் போட்டீங்க" என்றான் கோந்து.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"சாரும் இப்படித்தான்க்கா. என் கை நடுங்கினா பின்னாலிருந்து அவர் ஸ்டிக்கைப் பிடிச்சுப்பாரு. சொல்லமாட்டாரு. நான் சரியானதும் விட்டுடுவாரு. அதையும் சொல்லமாட்டாரு. மத்த வாத்தியாருங்க திட்டுவாங்க, மானத்தை வாங்குவாங்க. சார்கிட்ட மட்டும்தான் எனக்குப் பயமே..."

அவன் பாதியில் நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"சொல்லாமப் பிடிக்கலாமா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "மேல அதுக்குச் சட்டம் இல்லையா?"

"இருக்கு. 'நான் ஓட்டறேன்'னு சத்தமா சொல்லணும். 'நீங்க ஓட்டுங்க'ன்னு அடுத்தவன் சொல்லணும். அப்பதான் கை மாறும்."

"அன்னிக்கு?"

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். பிரேக்கக்கா கையை வெளியே நீட்டி, சுற்றிப் போகச் சொன்னாள்.

"அன்னிக்கு என்னடா நடந்துச்சு? ஸ்டிக் இறுகிப் போச்சுன்னு மட்டும் சொன்ன, இறக்கி விட்டுடுவேன்."

"இறுகலக்கா" என்றான். "தாழப் பறந்து திரும்பிட்டிருந்தோம். கை நடுங்குச்சு. சார் பிடிச்சுக்கிட்டாரு, எனக்குத் தெரிஞ்சது. அப்ப நான் விட்டுட்டேன். எப்பவும் போல அவரும் விட்டிருக்காரு. நான் வச்சிருக்கேன்னு அவர் நினைச்சிட்டாரு, அவர் வச்சிருக்காருன்னு நான் நினைச்சிட்டேன். யாருமே ஓட்டலக்கா. விமானம் மூக்கு குத்திக் கீழ இறங்கிடுச்சு. 'குதி, குதி'ன்னு கத்தினாரு. அது ஒண்ணுதான் அவர் சத்தமா சொன்னது."

அவன் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து அழுதான். "விசாரணையில இதைச் சொன்னா சார் மேலதான் எழுதுவாங்க. விதிமுறைய மீறினாருன்னு. அதனால இறுகிடுச்சுன்னு சொன்னேன். உங்ககிட்டயும் அதையே சொன்னேன். அவர் பேரு கெடக்கூடாதுக்கா."

பொய் என்று பிரேக்கக்கா மோப்பம் பிடித்தது சரிதான். ஆனால் யாருக்காகப் பொய்? தம்பி இதே இருக்கையில், இந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் கார் கற்றுக்கொண்டான். ஒரு நாள் இறங்கும்போது, "எப்படிக்கா உன் மாணவங்க பயப்படவே மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டான். அவள் பெருமையாக அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள். காரை ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது? அதை அவள் யோசிக்கவே இல்லை. பாவி, யோசிக்கவே இல்லை.

கோந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன். நான் பயிற்சி முடிச்சதும், ஆள் பத்தலன்னு என்னையே பயிற்சி ஆசிரியராப் போட்டுட்டாங்க. வர்ற வாரம் சேரணும்." அழுத கண்ணோடு சிரித்தான். "சார் மாதிரியே சொல்லிக்கொடுப்பேன்க்கா. ஒருத்தன் மானத்தையும் வாங்கமாட்டேன். சொல்லாமலே பிடிச்சுப்பேன். இனிமே விடாமப் பிடிச்சுப்பேன்."

பிரேக்கக்கா அவனையே பார்த்தாள். சும்மா தலையாட்டினால் போதும். தம்பி பெயர் தங்கமாக இருக்கும், அவள் பெயர் இதில் எங்குமே வராது. நன்றாக இரு என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஒருவரும் கேட்கப் போவதில்லை.

"வேண்டாம்டா" என்றாள். "அது தப்பு."

"அக்கா, சார் செஞ்சது..."

"தப்பு. என் தம்பி செஞ்சது தப்பு. அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான், அப்ப நான் செஞ்சதும் தப்பு. மேல போறவன் மானம் போனாப் போகட்டும். வாயைத் திறந்து சொல்லு. திட்டுறதா இருந்தாலும் திட்டு, ஆனா சத்தமா சொல்லு. எங்கே, இப்ப சொல்லு பார்க்கலாம்."

அவன் முணுமுணுத்தான். "நான் ஓட்டறேன்."

"காது கேக்கல."

"நான் ஓட்டறேன்!"

"நீ ஓட்டு" என்று சொல்லிவிட்டு அவள் தன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வீடு வரைக்கும் வண்டி குதித்துக் குதித்துத்தான் போனது. அவள் காலைக் கீழே வைக்கவில்லை. வழியெல்லாம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் தம்பி மனைவி நின்றிருந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, கொலைகாரனைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கசப்பாகக் கேட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள் பிரேக்கக்கா. "உள்ள வந்து உட்காரு. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் என்னை அண்ணின்னு கூப்பிடாத. அதுக்கப்புறம் கூப்பிடறதா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணு."