டிரெஸ்லருக்கு ஒன்றும் தெரியாதாம்

வாஷிங்டனில் யாரும் அரசியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. கடையில் நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் புரட்டி, பெயர் வரிசையில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் வாங்குவார்கள். இல்லாவிட்டால் மட்டமான புத்தகம் என்பார்கள். நானும் அப்படித்தான் புரட்டினேன். என் கணவர் வாரன் ஹால்ஸ்டெட் பெயருக்கு எதிரே வரி வரியாகப் பக்க எண்கள். அது என் வயிற்றில் பால் வார்த்தது.

அதிபர் டிரெஸ்லரின் சட்ட ஆலோசகர்களில் ஒருவராக வாரன் இருந்தபோதுதான், நிருபர்களின் டெலிபோன்களை ஒட்டுக்கேட்ட விவகாரம் வெடித்தது. டிரெஸ்லர் பதவி விலகி, கலிபோர்னியாவில் ரோஜா வளர்க்கப் போனார். வாரன் ஜெயிலுக்குப் போனார். உத்தரவு யாருடையது என்று கோர்ட்டில் அவர் வாயே திறக்கவில்லை. எங்கள் மகள் கிரெட்சனுக்கு அது ஆறவே இல்லை. "அந்த ஆள் பேரை அப்பா சொல்லட்டும், அன்னைக்கு வரேன்" என்றவள், அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பேரப்பிள்ளைகள் வளர்ந்ததை நான் போட்டோவில்தான் பார்த்தேன்.

டிரெஸ்லர் செத்ததும் அவரைப் புனிதராக்கும் வேலை ஆரம்பமாயிற்று. அதிபர் பாவம், கூட இருந்தவர்கள்தான் குழி பறித்தார்கள் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். அடுக்குமா இது? கோல்பி என்ற சரித்திரப் பேராசிரியர் மட்டும் தன் புத்தகத்துக்காக வாரனைத் தேடி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு நாள் கணக்கில் பேசினார். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார் வாரன். நான் உடனே கிரெட்சனுக்குப் போன் போட்டு, புத்தகம் வந்ததும் படி என்றேன்.

கடை வாசலில், காரில் உட்கார்ந்தே படித்தேன். டிரெஸ்லருக்கு ஒன்றும் தெரியாதாம். திட்டம், ஆட்கள், கருவிகள் எல்லாம் வாரன் ஏற்பாடாம். இதைச் சொன்னதும் வாரனேதான்.

வீட்டுக்கு வந்து, அவருடைய சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் புத்தகத்தைப் போட்டேன்.

"இதையா சொன்னீங்க?"

"ஆமா."

"தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்னைக்கு அந்த ஆள் போன் பண்ணப்போ நான்தானே எடுத்தேன். நீங்க மாடி போன்ல எடுத்தப்புறமும் நான் கீழ ரிசீவரை வைக்கல. 'செஞ்சுடு வாரன், எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கக் கூடாது'ன்னு அவர் சொன்னது என் காதுல விழுந்துச்சே."

"ஒட்டுக்கேட்டதுக்கு உன்னையும் உள்ள தள்ளியிருக்கணும்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவருக்குத் தெரியும்னா, தெரிஞ்சேதான் என்னை ஜெயிலுக்கு அனுப்பினாரு. கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு போடல. அவர் சாவுக்குக்கூட என்னைக் கூப்பிடல. அப்போ நான் யாரு, லொரெய்ன்? கை துடைச்சு எறிஞ்ச காகிதம். நானே செஞ்சதுன்னா, செஞ்சேன், அனுபவிச்சேன், முடிஞ்சுது. இந்த வயசுல குற்றவாளியா செத்துப்போறேன். ஏமாளியா சாக முடியாது."

"அப்போ கிரெட்சன்?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அவள்தான்.

"அம்மா, படிச்சுட்டேன். அந்த ஆளைக் காப்பாத்த அப்பா இப்போ பொய்யும் சொல்றாரா? உனக்குத் தெரியாம இருக்காது. ஆமான்னு நீயாவது ஒரு வார்த்தை சொல்லு, பசங்களைக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்பறேன்."

வாரன் என்னைப் பார்த்தார். ஜெயிலில் பார்க்கப் போன நாட்களில்கூட அவர் என்னை அப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் கோபம் பொங்கியது. அந்தக் கிண்ணத்தைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

"அப்பா சொன்னதுதான் நிஜம்" என்றேன்.

அவள் "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

"வரேன்னாளா?" என்று கேட்டார் வாரன்.

"இனிமே வர மாட்டா" என்றேன்.