கடைசிப் படகின் பெயர்கள்

நகராட்சி அலுவலகத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே ஆவண அறை இருந்தது. அங்கே பழைய காகிதங்களுக்கு ஒட்டுப்போடுகிறவளை எல்லோரும் பசையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலருக்கே ஆளைத் தெரியாது. மெல்லிய தாள், மாவுப்பசை, தூரிகை மூன்றும் இருந்தால் போதும், செல்லரித்த பக்கத்தையும் நிமிர்த்தி உட்கார வைத்துவிடுவாள்.

பதினோரு வருடமாக அவள் ஒரு நோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். நாற்பத்துநான்கு வருடத்துக்கு முன் ஆற்றில் வெள்ளம் வந்த அன்று, அக்கரைக்குப் போன கடைசிப் படகு கவிழ்ந்தது. பாதிப் பேரின் உடல் கிடைக்கவேயில்லை. விசாரணை அறிக்கையில் 'சுமார் அறுபது பேர்' என்று போட்டுக் கையைக் கழுவியிருந்தார்கள். அந்தச் 'சுமார்' கண்ணில் படும்போதெல்லாம் பசையக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். மனிதர்களா, மாங்காயா? அதே பக்கத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு: 'ஏறியவர்களின் பெயர்களைத் தன் நோட்டில் எழுதியதாக டிக்கெட் எழுத்தர் கூறுகிறார். நோட்டு ஒப்படைக்கப்படவில்லை.'

அவளுடைய தாய்மாமன் அன்று காலை வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிப் போனவர். படகில் ஏறியதைப் பார்த்தேன் என்றார் ஒருவர். பஸ் நிலையத்தில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். அம்மா இரண்டாவது ஆளின் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தம்பியிடம் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறதாம். அதனால் வாசல் கதவை இரண்டு தடவை மாற்றியும் பூட்டை மட்டும் மாற்ற விடவில்லை. தினமும் சாயங்காலம் பசையக்கா சாவியைப் போட்டுத் திருகினால், உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வரும். மகளைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் கேட்கிற கேள்வி. அந்த நோட்டில் மாமா பெயர் இருக்கிறதோ இல்லையோ, ஏதோ ஒன்று தெரிந்துவிட்டால் அந்த "யாரு?" நின்றுவிடும் என்று அவள் நம்பினாள்.

எழுத்தர் எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டார். குடும்பம் எங்கே குடிபோனது என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். பிள்ளைகள் பரணைக் குடைந்தால்தான் உண்டு என்று கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எட்டாம் வகுப்பில் வரலாற்றின் அருமையைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பின்வரிசையில் ஒருவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான். இரட்டைச் சடை போட்ட ஒருத்தி மட்டும் எழுந்து, "மிஸ், இது பரீட்சைல வருமா?" என்று கேட்டாள். வராது என்றதும் வகுப்பே நிம்மதியாக மூச்சுவிட்டது.

"மார்க்குன்னு சொல்லுங்க மேடம், மலையையே பேத்துக்கிட்டு வருவாங்க" என்று வரலாற்று ஆசிரியர் காதைக் கடித்தார்.

சொன்னாள். "வீட்ல இருக்கற பழைய காகிதம் எதுவா இருந்தாலும் தேடி எடுங்க. முழுசாப் படிங்க. அப்புறம் வெட்டி ஒட்டி அழகா ஒரு சார்ட் பண்ணிட்டு வாங்க. இருபது மார்க்."

நகல் எடுத்து என்று சொல்லவில்லை. மறந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுடைய அறையில் முப்பது வருடமாக வெட்டுவது ஒட்டுவது எல்லாமே நகலைத்தான். மூலத்தில் யாராவது கத்தரியை வைப்பார்களா? மூச்சுவிடு என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லையே, அதுபோலத்தான் அவள் அதைச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போனபோது வகுப்புக் கதவைத் திறந்ததுமே பசை வாடை அடித்தது. சுவர் முழுக்க சார்ட். யாரோ ஒருவருடைய முதல் வேலைக்கான உத்தரவு, இதய வடிவத்தில். நிலப் பத்திரம் ஒன்று பட்டாம்பூச்சியாகி, இறக்கையில் ஜிகினா மின்னிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் நகல் எடுத்துத்தானே வெட்டுனீங்க?"

"இல்ல மிஸ், ஒரிஜினலே!" என்று வகுப்பு ஒரே குரலில் பெருமையாகக் கத்தியது.

ஐந்தாவது சார்ட் ஒரு படகு. இரட்டைச் சடைக்காரி பக்கத்தில் விறைப்பாக நின்றாள். "எங்கம்மாவோட தாத்தா படகுத்துறையில டிக்கெட் குடுத்தாராம் மிஸ். பரண்ல தகரப் பெட்டிக்குள்ள இந்த நோட்டு இருந்துச்சு."

பசையக்கா படகின் பக்கத்தில் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக வெட்டி, பலகை பலகையாக அடுக்கி ஒட்டியிருந்தது. பதினேழு பெயர்கள். இரண்டு தடவை படித்தாள். மாமா இல்லை.

"மத்த பேரெல்லாம் எங்கேம்மா?"

"இதோ மிஸ், அலை. கையெழுத்து நல்லா இருந்தத மட்டும் படகுக்கு எடுத்துக்கிட்டேன். மத்தத பசைத்தண்ணில ஊற வெச்சு முறுக்கி, நீலம் அடிச்சுட்டேன். மிச்சத் துண்டையெல்லாம் அம்மா பெருக்கிக் குப்பை வண்டில போட்டுட்டாங்க."

விரல் நுனியால் ஓர் அலையைத் தொட்டாள். பேனா மை கரைந்து நீலத்தோடு நீலமாகிவிட்டிருந்தது. எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது என்று தொட்டதும் சொல்லிவிடுகிற கை அது. அந்தக் கை இப்போது சும்மா இருந்தது. ஓங்கி நாலு அறை விட வேண்டும் போல வந்தது. யாரை அறைவது? வெட்டி ஒட்டு என்று சொன்ன வாய் அவளுடையதுதானே.

அவள் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது. "வெட்டறதுக்கு முன்னாடி எல்லாப் பேரையும் படிச்சேன் மிஸ். முழுசாப் படிங்கன்னு சொன்னீங்கல்ல. ஒரு பேருக்குப் பக்கத்துல 'கைக்குழந்தையுடன்'னு எழுதியிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கல."

இதற்குத்தானே அவள் இந்த வகுப்புக்கு வந்தது! நாற்பத்துநான்கு வருடத்தில் அந்தப் பெயர்களுக்காக வேறு எந்தப் பிள்ளையும் சாப்பிடாமல் இருந்திருக்காது. பசையக்கா முழங்காலிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மாமாவின் பெயரை ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொன்னாள். "இந்தப் பேரு இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

சிறுமி அவளுடைய ஈரக் கண்ணையே பார்த்தாள். "ஆமா மிஸ். இருந்துச்சு."

ஒரு நிமிடம் பசையக்கா அதை நம்பினாள். மனது இலேசாகக்கூட ஆனது. ஆனால் எந்தத் தாளையும் சந்தேகப்பட்டே பழகிய பிழைப்பு சும்மா விடுமா? இன்னொரு பெயரைச் சொன்னாள். வெள்ளத்தன்று காய்ச்சலில் வீட்டிலேயே படுத்துக் கிடந்த அவளுடைய அப்பாவின் பெயர். "இந்தப் பேரு?"

"அதுவும் இருந்துச்சு மிஸ்" என்றாள் அந்தப் பெண், அதே பரிவோடு.

பசையக்கா எழுந்து, படகின் மூலையில் இருபது என்று போட்டாள். சிறுமி துள்ளிக் குதித்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அம்மாவிடம் பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். நோட்டில் பெயர் இருந்தது என்றால் ஒரேயடியாக அழுது தீர்த்துவிடுவாள். பெயர் இல்லை என்று சொன்னால் சந்தோஷப்படுவாள். இரண்டில் எது பொய் என்று தெரிந்தால்தானே ஒன்றைச் சொல்ல முடியும்.

பழைய பூட்டு வழக்கம்போல் முரண்டு பிடித்தது. சாவியை இரண்டாம் தடவை திருகினாள்.

"யாரு?"

"நான்தாம்மா."