லக்கா விளையும் இடம்

உர்ஹோவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வாயில் மிஞ்சியிருந்தது. "சனியனே!" காப்பி வேண்டும் என்றாலும் அதுதான், போதும் என்றாலும் அதுதான். நலம் விசாரிக்க வந்த பாதிரியாரையும் அதே சொல்லால் வரவேற்றான். அவன் மனைவி ஹில்யா சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

இன்று காலை அவளைக் காரில் ஸ்டியரிங் முன் உட்காரவைத்து, தானும் ஏறிக்கொண்டு, இடது கையால் வழி காட்டினான். ஏரியைத் தாண்டிக் காட்டுப் பாதையில் திரும்பியதுமே எங்கே போகிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காரின் வேகத்தைக் குறைத்தாள்.

சதுப்பில் விளையும் லக்காப் பழத்தின் இடத்தை இந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை, கட்டிய மனைவியிடம்கூட. உர்ஹோவுக்கு அவன் அப்பா சொன்னது மரணப் படுக்கையில்.

என்ன அழகான கோடைகள் அவை! காட்டிலிருந்து உர்ஹோ முகமெல்லாம் கொசுக்கடியோடு, வாளி நிறைய மஞ்சள் பழத்தோடு வந்து நிற்பான். சவுனா என்னும் நீராவி அறையில் குளித்துவிட்டு வந்ததும் பாலாடைக்கட்டியின் மேல் லக்காவைக் கொட்டி, சூடான காப்பியோடு இருவரும் தின்பார்கள். அந்த மனிதனின் குரலுக்காக ஹில்யா இப்போது எதையும் கொடுப்பாள்.

அந்தக் கோடைகளில் ஒன்றில்தான் பட்டணத்து ஆராய்ச்சிக்காரர்கள் இந்த வட்டாரத்து ஆண்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். இத்தனை பேர் ஏன் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துச் சாய்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது. உர்ஹோவின் ரத்தத்தில் வைட்டமின் சி ஏகத்துக்கும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாங்காத முதல் மார்க்கை ரத்தத்தில் வாங்கிவிட்டதாக ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டான்.

"குழாய் துருப்பிடிக்காம காக்குற சத்துய்யா இது. என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டாள் ரத்தம் எடுத்த நர்ஸ் கைசு.

"லக்கா."

"எங்கே பறிக்கிறீங்க?"

"ரத்தம் கேட்டே, குடுத்தேன். அதோட நிறுத்திக்கோ, தாயீ."

பிறகு முழங்கால் போயிற்று. இரண்டு கோடை காட்டுக்குப் போகவில்லை. அடுத்த சோதனையில் அந்தச் சத்து அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது.

"இது கொறஞ்சவங்களுக்குப் பக்கவாதம் அதிகமா வருதுய்யா. உங்களுக்கு பிரஷர் வேற. லக்கா இல்லேன்னா ஆரஞ்சாவது தின்னுங்க," என்றாள் கைசு.

கடைப் பழம் வெறும் தண்ணீர், தொடமாட்டேன் என்றான். "இடத்தைச் சொல்லு, நான் போய்ப் பறிக்கறேன்," என்று ஹில்யா கெஞ்சினாள். "நான் இன்னும் சாகலையே," என்றான் அந்தக் கல்லுளிமங்கன். பனி உருகும்போது பக்கவாதத்தில் சாய்ந்தான். பழம் தின்றிருந்தால் தப்பியிருப்பானா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவன் இன்று வழி காட்டுகிறான் என்றால் என்ன அர்த்தம்? பாதை பிரியும் இடத்தில் ஹில்யா காரை நிறுத்தினாள்.

"இதுக்கு மேல நான் வரமாட்டேன். உங்கப்பா மாதிரி இடத்தைச் சொல்லிட்டுக் கண்ண மூடலாம்னு பாக்கறியா?"

"சனியனே," என்றான் அவன். இந்த முறை மெதுவாக.

ஆமாம் என்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"எனக்கு இடம் தெரியவேணாம். வேணும்னா நீயே போய்ப் பறிச்சுட்டு வா. நான் கண்ண மூடிக்கறேன்."

மூடிக்கொண்டாள். அப்புறம் கதவு திறந்தது. ஊன்றுகோல் சரளையில் தட்டித் தட்டிப் போயிற்று, பிறகு பாசியில் அதன் சத்தமும் அடங்கிவிட்டது. சதுப்பில் விழுந்தால் தூக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. கொசுக்கள் இமையில் கடித்தன. ஒருமுறை பார்த்துவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் திறக்கவில்லை.

"சனியனே!" பக்கத்தில் குரல் கேட்டது. மூச்சு வாங்கியது, ஆனால் பழைய மிடுக்கு இருந்தது.

கண் திறந்தாள். அவனுக்கு முழங்கால்வரை சேறு. அவள் மடியில் அவன் தொப்பி, அதற்குள் ஒரு கைப்பிடி லக்கா. பாதி நசுங்கியிருந்தது. ஒன்றை எடுத்து அவன் வாயில் ஊட்டினாள். மரத்துப்போன பக்கத்தில் வழிந்த சாறைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள்.

"அடுத்த வருஷமும் நீதான் போகணும்," என்றாள். "எனக்கு இடம் தெரியாது."