காத்தாயிக்கு ஒரு நாற்காலி

சுமதியின் கொழுந்தன் முத்தமிழ்செல்வன் நாலு வருடம் கழித்து டெக்ஸாஸிலிருந்து வந்தான். வந்த மூன்றாம் நாளே வாயைத் திறந்துவிட்டான்.

"அண்ணி, பன்னிக்கறி டாக்கோ, அதான் சோள ரொட்டியில கறி வெச்சு மடிச்சுத் திங்கிறது, அது இல்லாம நாக்கு செத்துப் போச்சு. நம்ம வூட்டுலயே செய்வோமா?"

மாமியார் ரத்தினம்மாள் முந்திரிப் பருப்பு ஆய்ந்துகொண்டிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள். பன்றி என்ற சொல் அந்த வீட்டில் யாரையாவது திட்டுவதற்கு மட்டும்தான் வெளியே வரும். சுமதிக்கோ காதில் தேன் பாய்ந்தது. ஏழு வருடமாக இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

சுமதியும் சாமிதுரையும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். முதல் பொங்கலுக்கு அவள் அம்மா காத்தாயி வேப்பந்தட்டையிலிருந்து பஸ் மாறி மாறி ஆண்டிமடம் வந்தாள். மருமகன் ஆசையாகக் கேட்டானே என்று ஒரு தூக்குவாளி நிறையப் பன்றிக்கறி வறுவல். ரத்தினம்மாள் அதை நாய்க்குக் கொட்டினாள். காலி வாளியைக் காலால் எத்திவிட்டாள். காத்தாயியைக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரவைத்து இலை போட்டாள். "எங்க வூட்டு வழக்கம் இதுதான்" என்றாள். கறி கேட்ட மருமகன் வாயில் கொழுக்கட்டை. காத்தாயி சாப்பிட்டு, வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அதன் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. பேத்தி பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியோடு திரும்பிவிட்டாள்.

அன்று சுமதியும் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மாமியார் மேலிருந்த ஆத்திரத்தைவிட அதுதான் அவளை அதிகமாக அரித்தது.

"செய்யலாம் தம்பி" என்றாள் சுமதி இப்போது. "ஆனா அந்தக் கறியோட பக்குவம் எங்கம்மாவுக்குத்தான் தெரியும். அத்தை வாயால அவங்கள கூப்புடணும். கறி இந்த அடுப்படியிலதான் வேவணும். எங்கம்மா இந்த மேசையில உக்காந்துதான் சாப்புடணும்."

"அடி ஆத்தே! சாமி படம் இருக்குற வூடுடி இது!"

"அப்ப வேணாம்மா" என்றான் செல்லப்பிள்ளை. "நான் திருச்சியில ரூம் போட்டுத் தங்கிக்கிறேன்."

ரத்தினம்மாள் ஒரு பகல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் போனை வாங்கினாள். "சம்பந்தி, ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க" என்றாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக 'சம்பந்தி' என்ற சொல் அவள் வாயில் வந்தது. சுமதி பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு எழுத்தையும் காதில் வாங்கினாள். வயிறு குளிர்ந்தது.

காத்தாயி ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். ஒரு பையில் தன் காட்டு மக்காச்சோளம், இன்னொரு பையில் தோலும் கொழுப்புமாக மூன்று கிலோ கறி. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட வேண்டும் என்று முத்தமிழ்செல்வன் சொன்னான்.

"வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பாங்க தம்பி?"

"அதேதாங்க."

மறுநாள் காலையில் சோளத்தைத் தோல் போகக் கழுவி கிரைண்டரில் கெட்டியாக அரைத்தார்கள். மாவை உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் கவருக்கு நடுவே வைத்து, பலகையால் அழுத்தித் தோசைக்கல்லில் போட்டாள் சுமதி. காத்தாயி கறியைப் பெரிய துண்டுகளாகப் போட்டு, பூண்டு, சீரகம், பட்டை சேர்த்து, அதன் கொழுப்பிலேயே நிதானமாக வேகவிட்டாள். முத்தமிழ்செல்வன் ஆரஞ்சைப் பிழிந்தபோது மட்டும் அவளுக்குத் தாங்கவில்லை. "கறிக்குப் போயி ஆரஞ்சா?" என்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். ரத்தினம்மாளின் அடுப்படியில் தன் அம்மா சிரிக்கிறாள் என்பதே சுமதிக்குப் பாதி விருந்து.

இரண்டு மணி நேரத்தில் கறி பஞ்சு போல் பிரிந்தது. அதை உதிர்த்து, ஓரம் முறுகும்வரை வறுத்து, சோள ரொட்டியில் வைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்தார்கள். சுமதி மேசைக்கு நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்காரவைத்தாள். காத்தாயி நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்கோவைக் கையில் எடுத்தாள். இன்னும் வாயில் வைக்கவில்லை.

அப்போதுதான் ரத்தினம்மாள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மூக்கு அவளைக் கட்டி இழுத்து வந்திருந்தது.

"வாசனை ஆளத் தூக்குதே. எனக்கும் ஒண்ணு குடேன் சுமதி, ருசி பாக்குறேன்."

கொடுத்திருக்கலாம். அந்தக் கிழவி இறங்கி வந்த தூரம் சுமதிக்கும் தெரிந்தது. ஆனால் ஏழு வருடம் தொண்டையில் நின்றதை எப்படி விழுங்குவது?

"தரேன் அத்தை. ஆனா கொல்லையில, துவைக்கிற கல்லுகிட்ட உக்காந்து சாப்புடுங்க. பன்னிக்கறி திங்கிறவங்கள அங்கதானே உக்கார வெப்பீங்க. இந்த வூட்டு வழக்கம்."

முத்தமிழ்செல்வன் "அண்ணி!" என்றான். மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த சாமிதுரை வழக்கம் போலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தினம்மாள் முகம் கறுத்துச் சிறுத்தது. தட்டை வாங்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். கல்லின் மேல் உட்கார்ந்தாள். சுமதிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தீர்ந்தது கணக்கு.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காத்தாயி தட்டோடு எழுந்துவிட்டாள்.

"நீ எங்கம்மா போற? உக்காரு!"

"வூட்டுக்காரங்க வெளிய உக்காந்திருக்கையில நான் உள்ள உக்காந்து தின்னா எறங்குமாடி? வுடு."

"அம்மா, ஒனக்காகத்தாம்மா இவ்வளவும்!"

"எனக்காகன்னா சும்மா இருந்திருக்கலாம்டி. நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன்ல."

காத்தாயி கொல்லையில் இறங்கினாள். கல்லில் இன்னொருவருக்கு இடம் இருந்தது. அவள் அதில் உட்காரவில்லை. பழைய இடத்தில், தரையில், ரத்தினம்மாளின் காலடியில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ரத்தினம்மாளின் குரல் கேட்டது. "நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு இருக்கா சம்பந்தி?"

காத்தாயி தன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே வந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், இரண்டு டாக்கோக்களை எடுத்துக்கொண்டு, பரிமாறுவதற்காக மறுபடி கொல்லைக்குப் போனாள்.