மரவட்டைக்குப் பின்னால்

ஈரம். ஈரத்தின் மேல் வெளிச்சம். வெளிச்சத்தின் நடுவே ஒரு காளான், சட்டைப் பொத்தான் அளவு. அதைத் தின்று கொண்டிருந்தது ஒரு மரவட்டை.

கறுப்பு உடம்பு. விளிம்பெல்லாம் மஞ்சள் புள்ளி. வளையத்துக்கு நான்கு கால். நடக்கும்போது வாலிலிருந்து தலை வரை ஓர் அலை ஓடும். இப்போது அலை நின்றிருந்தது. வாய் மட்டும் அசைந்தது.

காளானுக்கு இந்தப் பக்கம் ஒரு கேமரா, சின்ன மணல்பையின் மேல். கேமராவுக்குப் பின்னால் வசந்தாமணி டீச்சர், சேற்றில் குப்புறப் படுத்தபடி.

பொள்ளாச்சியில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுப்பவள். ஐம்பத்தொரு வயது. ஞாயிற்றுக்கிழமையானால் மற்ற டீச்சர்கள் கோவிலுக்கோ துணிக்கடைக்கோ போவார்கள். இவள் வால்பாறை மலையேறி, தெரிந்தவர் எஸ்டேட்டின் சோலைக்குள் வந்து, ரயில்பூச்சியின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். ஆளுக்கொரு கிறுக்கு.

எதிரே, சரிவுக்கு மேலே, வண்டிப் பாதை. அங்கே காரோரமாக அவள் கணவர். தென்னந்தோப்புக்காரர். பூச்சியில் அவருக்கு ஆசை கிடையாது. ஆனாலும் வருவார். படுத்திருப்பவளுக்கு யானை வருவது தெரியாது என்பதால் வருவார்.

அவள் கீழே பார்க்க வேண்டும். அவர் சுற்றிப் பார்க்க வேண்டும். அவர் விசிலடித்தால் போட்டது போட்டபடி எழுந்து வர வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஏற்பாட்டில் ஓர் ஓட்டை. முதல் விசிலுக்கு அவள் எழுந்ததே இல்லை. "ஒரே ஒரு படம்" என்பாள். மூன்று எடுப்பாள்.

இவ்வளவு கிட்டத்தில் ஒரு படத்துக்கு ஒரு மயிரிழைதான் தெளிவாக விழும். மற்றதெல்லாம் புகை. அதனால் மயிரிழை மயிரிழையாக ஃபோகஸைப் பின்னுக்குத் தள்ளி, முப்பது நாற்பது படம் எடுத்து, வீட்டில் ஒன்றாகச் சேர்ப்பாள்.

இடது கையில் தெர்மாக்கோல் துண்டு, வெளிச்சத்தைத் திருப்பிவிட. வலது கை ஃபோகஸ் வளையத்தில். மீசை. ஒரு படம். நெற்றி. ஒரு படம். முதல் வளையம், இரண்டாம் வளையம், வால் நுனி.

வால் முடிந்தது. கை வழக்கத்தில் இன்னும் கொஞ்சம் திருப்பியது. பின்னால் சருகு. சருகில் ஒரு கோடு. பக்கத்தில் இன்னொரு கோடு. ஒரே அளவு, ஒரே இடைவெளி.

சருகுக்கு இத்தனை ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

இன்னும் ஒரு மயிரிழை திருப்பினாள்.

கண்.

இமையில்லாத கண். நடுவே செங்குத்தாக ஒரு கீறல். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் ஒரு குழி.

குழிவிரியன். போர்டில் எத்தனை தடவை வரைந்திருக்கிறாள். இந்தக் குழியால் அது சூட்டை அறியும், எழுதிக்கோங்க. இப்போது அது அறிந்துகொண்டிருந்த சூடு அவளுடைய இடது கை. தெர்மாக்கோலைப் பிடித்த விரலுக்கும் அந்தத் தலைக்கும் நடுவே நான்கு விரற்கடை.

கடித்தால் இதற்கு ஆஸ்பத்திரி ஊசி சரியாகக் கேட்காது, அதையும் அவளே படித்திருக்கிறாள். ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இல்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவு.

பாம்பென்றால் படையும் நடுங்கும். படை நடுங்கலாம், படைக்கு அனுமதி உண்டு. வசந்தாமணிக்கு நடுங்கவும் வழியில்லை. கை நடுங்கினால் தெர்மாக்கோல் நடுங்கும்.

அசையாதே. அசையாதே வசந்தாமணி.

கணுக்காலில் ஓர் அட்டை ஏறியது. ஏறட்டும். தூறல் விழுந்தது. பிடரியில் ஒரு சொட்டு, முதுகுக்குள் ஒரு சொட்டு. விழட்டும். மூச்சைப் பாதி பாதியாக விட்டாள். சாகப் பயமாக இருந்தது. வெட்கமில்லாமல், பச்சையாக, பயமாக இருந்தது.

அப்போதுதான் விசில் வந்தது.

ஒரு நீள விசில். யானை.

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது என்பார்கள். அவளால் முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. படுத்திருந்தாள்.

இரண்டாவது விசில். அதில் கோபம் இருந்தது. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு விசிலில்கூடக் கோபம் தெரியும். எங்கோ மேலே மூங்கில் முறிந்தது. படீரென்று.

மூன்றாவது விசில் வரவில்லை. சருகு மிதிபடும் சத்தம் வந்தது.

வருகிறார். அவளை இழுத்துப் போக வருகிறார். ஒரே ஒரு படம் என்று கிடக்கிறாள் என்றுதானே நினைப்பார்? வேறென்ன நினைக்க வைத்திருக்கிறாள் இத்தனை நாளும்? வேகமாக, நேராக, பாம்பு கிடந்த பக்கமாகவே இறங்கி வந்தார்.

"வராதீங்க" என்றாள். உதட்டை விட்டு வெளியே வரவில்லை. தூறல் தின்றுவிட்டது.

"படம் புடிச்சது போதும், எந்திரி அம்மிணி! அக்கட்டால குட்டியோட நிக்குது!" அடித்தொண்டையில் சீறினார்.

"ஏனுங்க... வேண்டாங்க..."

"என்ன வேண்டாம்? பூச்சி பூச்சின்னு சாகப் போறியா?"

கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை அவள். மரவட்டை, அதன் பின்னால் பாம்பின் கண், அதன் பின்னால் புகை. புகைக்குள் நீலமாக ஏதோ அசைந்தது. மங்கலான நீலம். பெரிதாகிக்கொண்டே வந்தது. அவருடைய ரப்பர் செருப்பின் வார்.

ஏனுங்க என்றால் நிற்க மாட்டார். வேண்டாங்க என்றால் நிற்க மாட்டார். இன்னும் இரண்டு எட்டு.

"நாச்சிமுத்து."

கத்தவில்லை. மெதுவாக, தெளிவாக, வகுப்பில் ஹாஜர் எடுப்பதுபோல.

ரேஷன் கார்டில் எழுதியிருக்கிறாள். மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறாள். வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதுகூட மகளைப் பார்த்தாள், மகள் சொன்னாள். படித்தவள்தான், டீச்சர்தான். ஆனாலும் சொன்னதில்லை.

நீலம் நின்றது. ஒரு கால் அந்தரத்தில்.

தூறல் பெய்தது. அவள் உடம்பைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கைக்கு முன்னால் கிடந்த சருகைப் பார்த்தார். சருகு நாக்கை நீட்டி இழுத்தது.

தூக்கிய காலை வந்த வழியே பின்னால் வைத்தார். அப்படியே குந்தினார். அவருக்குப் பின்னால் மூங்கில் முறிந்தது. அவர் திரும்பவில்லை.

"இங்கதான் இருக்கறேன்" என்றார். "அசையாத."

எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது. காளான் தீர்ந்தது. மரவட்டையின் கால்களில் அலை புறப்பட்டது. அது நேராகப் போய்ப் பாம்பின் மேல் ஏறியது. சுருளின் மேல் ஏறி, இறங்கி, அடுத்த சுருளில் ஏறிப் போனது. அதற்கு அது ஒரு மேடு, அவ்வளவுதான். வசந்தாமணியின் விரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

பிறகு சுருள் பிரிந்தது. அவசரமில்லாமல், நனைந்த கயிற்றை யாரோ இழுப்பதுபோல, மட்கிய கட்டைக்கு அடியில் போனது. தலை போயிற்று. உடம்பு போயிற்று. வாலும் போயிற்று. அதன் பிறகும் அவள் கை அங்கேயே இருந்தது. அவர் வந்துதான் தெர்மாக்கோலை விரல்களிலிருந்து பிரித்தெடுத்தார்.

மூங்கில் முறியும் சத்தம் மலையின் மறுபக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஓடாமல் ஓடிக் காருக்குள் ஏறினார்கள். கதவைச் சாத்தினார்கள்.

அவர் சாவியைப் போடப் பார்த்தார். சாவி துளைக்குள் போகவில்லை. கை அப்படி ஆடியது. இந்த மலையில் முப்பது வருஷம் வண்டி ஓட்டிய கை.

"யானையப் பாத்தப்பக்கூட ஒண்ணுமில்ல" என்றார், கண்ணாடியைப் பார்த்தபடி. "பாம்பப் பாத்தப்பவும் சமாளிச்சுட்டேன். என்ற பேர நீ வாயால சொன்ன பாரு, அப்பத்தான். முடிஞ்சுது, இவ இனி நமக்கில்லைன்னு நெனச்சுட்டேன்."

அவர் அழுதார். அவள் அட்டையைக் காலிலிருந்து பிய்த்தெடுத்தாள். ரத்தம் நிற்காமல் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார். "சும்மா இருக்கறப்ப ஒருக்காக் கேட்டாத்தான் எனக்கு நடுக்கம் போகும்."

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டியது. முதல் எழுத்து வந்தது, மற்றது வரவில்லை. மறுபடி முயன்றாள். வரவில்லை.

"ஏனுங்க" என்றாள். "வண்டிய எடுங்க."