ட்ரீவாவுக்கு விழுந்த துப்பாக்கி

1

எங்கிருந்து வந்தது இந்தக் கதை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் கடையில், கார இறைச்சியை உள்ளே வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது வந்தது. ஜூரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. வெளியே எங்களுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட லோனி ஸ்டம்போ தன் ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை என் பக்கம் தள்ளினான்.

"அண்ணே, நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே. இதை எழுதினா என்னைக் கொஞ்சம் உசரமா எழுதுங்க."

லோனி ஐந்தரை அடி. உயர்த்துவதாக இல்லை.

நான் எழுதுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் லோனியின் வக்கீல் லெனோர் பிரகெட்டுக்காகச் சாட்சிகளைத் தேடி மலையேறி இறங்குகிறவன். அதற்கு முன்னால் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், ஒரு ஓக் மரம் என் முழங்கால்மேல் படுக்கிறவரை. ஆகவே இந்தக் கதையில் நிலா, தென்றல் எதுவும் கிடைக்காது. மழை உண்டு. அதுவும் வழக்குக்கு வேண்டியிருப்பதால்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"அந்தச் சனிக்கிழமை மாலை, மேற்கு வர்ஜீனியா மலைகளின்மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தபோது, விதி லோனியின் கைகளில் ஒரு—"

வேண்டாம். கொடுத்தது விதியல்ல, டெல்மர்.

"ஓராண்டுக்கு மேல் சிறைவாசம் விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்ட எவரும், அதை அறிந்திருந்தும், துப்பாக்கியைத் தம் வசம்—"

இது குற்றப்பத்திரிகை. நீங்கள் தூங்கிவிடுவீர்கள். ஆனால் சாரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பழைய குற்றவாளி கையில் துப்பாக்கி இருக்கக்கூடாது. அது யாருடைய துப்பாக்கி என்று மத்திய அரசின் சட்டம் கேட்பதில்லை.

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

லாரல் ஓடைப் பள்ளத்தாக்கில் தீயணைப்புப் படை என்பது ஊர்க்காரர்கள்தான். மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன் அவர்கள் கூடத்தில் பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டு, குலுக்கல் நடத்தி, ஒரு வேட்டைத் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுப்பார்கள். சீட்டு விற்ற காசில்தான் தண்ணீர்க் குழாய் வாங்குவது. சீட்டு வாங்காதவன் சாவுக்கு வராதவனைப்போல. லோனியும் ஆண்டுதோறும் வாங்குவான். சீட்டில் அக்கா ட்ரீவாவின் பெயரைத்தான் எழுதுவான், ஏனென்றால் அவன் துப்பாக்கி வைத்துக்கொள்ளக்கூடாது. பத்தொன்பது வயதில், மூடிக்கிடந்த சுரங்கத்திலிருந்து செம்புக் கம்பி திருடி மாட்டிக்கொண்டவன். சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இரு என்று சொல்லி விட்டுவிட்டார்கள். தண்டனை பெற்றவன் என்ற பெயர் மட்டும் விடவில்லை.

இந்த முறை ட்ரீவாவின் சீட்டு வந்தது. படைத்தலைவர் டெல்மர் மேடையிலிருந்து கத்தினார்.

"ட்ரீவா! ஏ ட்ரீவா! உனக்கு விழுந்திருக்கு, ஓடி வா!"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "கை பூரா மாவு! லோனி அங்கதானே சும்மா நிக்கிறான், அவன்கிட்டக் குடு!"

கொடுத்தார். லோனி வாங்கினான். வாங்கியதும் எங்கள் ஊரில் எவனும் செய்வதைச் செய்தான்: குழலைத் தரைப்பக்கம் திருப்பி, போல்ட்டை இழுத்து, உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்த்தான். யாரோ படம் எடுத்தார்கள். படத்தில் சிரிக்கிறான். அரசுத்தரப்பின் சான்றுகளில் அந்தப் படமும் ஒன்று.

(அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அவன் தொடக்கூடாது என்று தெரியும். நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. அத்தனை பழகிப்போன செய்தியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. லோனியும்தான்.)

மழை. கூடத்தைப் பூட்டியாக வேண்டும். ட்ரீவாவுக்கு அண்டாக்கள் கழுவ இருந்தன. "போற வழிதானடா, வீட்டுல மாமாகிட்டக் குடுத்துட்டுப் போ" என்றாள். வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினான். பாதி வழியில், பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ்காரர் நிறுத்தினார்.

"வண்டியில ஆயுதம் ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கே!" என்றான் லோனி, முகமெல்லாம் பல்லாக. "எங்கக்காவுக்குக் குலுக்கல்ல விழுந்திருக்கு சார். புதுசு. பாக்கறீங்களா?"

3

இந்த இடத்தில் எனக்கு லோனிமேல் சந்தேகம் வந்தது. மனிதன்மேல் இல்லை, பாத்திரத்தின்மேல். இத்தனை அப்பாவியைக் கதையில் நிறுத்தினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கொஞ்சம் அழுக்கு வேண்டும் என்று ட்ரீவா வீட்டுக்குப் போனேன்.

"அழுக்கா? எத்தனை வண்டி வேணும்?" என்றாள் ட்ரீவா. "கம்பி திருடினானே, அதையாவது ஒழுங்காத் திருடினானா? திருடின கம்பியக் கொண்டுபோய் எடைக்குப் போட்டது எவன் கடையில தெரியுமா? சுரங்கக் காவல்காரனோட மச்சினன் கடையில! எழுது அதை. எங்க மர அறுவை மிஷினை வாங்கிட்டுப் போனவன் இன்னும் திருப்பித் தரல, அதையும் எழுது."

"தந்துட்டேன்க்கா" என்றான் ஹோபர்ட்டின் பக்கத்தில் நின்ற லோனி.

"சங்கிலி இல்லாமத் தந்தே."

நாற்காலியிலிருந்து ஹோபர்ட், ட்ரீவாவின் கணவர், மூக்கில் குழாயோடு சிரித்தார். சிரிப்பு இருமலானது. நிலக்கரித் தூள் தின்ற நுரையீரல். உடம்பு மட்டும் இன்னும் சுரங்கத்தில் வேலை செய்த காலத்து உடம்பு, ஆள் மலை மாதிரி. தினமும் காலையில் லோனி வந்துதான் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்காரவைக்கிறான். ட்ரீவா ஒருமுறை தனியாகத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள், லோனி வருகிறவரை.

"என்னைப் பத்தி என்னய்யா எழுதப்போறே?" என்றார் ஹோபர்ட்.

"வேற என்ன மாமா, உங்க கனத்தைத்தான்" என்றான் லோனி.

சட்டப்படி லோனிக்குப் பதினைந்து ஆண்டுவரை கொடுக்கலாம். இவன் விஷயத்தில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரும் என்பது லெனோரின் கணக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சில மாதங்கள் குறையும் என்று அரசுத்தரப்பு சொல்லியனுப்பியது.

"அந்த மாசமெல்லாம் மாமா கட்டில்லயே கிடப்பாரா?" என்று கேட்டுவிட்டு, வழக்கை நடத்துங்கள் என்று சொல்லிவிட்டான்.

இதுதான் பணயம். இதைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்டிவிட முடியும். [தூக்குமேடை, புரட்சி, சதி என்று ஒரு பக்கம் எழுதி, கிழித்துவிட்டேன்.]

4

லெனோரின் அலுவலகத்தில் நடந்த பேச்சு. இதை நான் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை என்று சொன்னால் பொய். சுருக்கியிருக்கிறேன்.

"லோனி, 'கொஞ்ச நேரந்தான் வெச்சிருந்தேன், நல்ல எண்ணத்துலதான் வெச்சிருந்தேன்'ங்கிறதுக்கெல்லாம் இந்தச் சட்டத்துல கதவு கிடையாது. நம்ம நீதிபதி புதுசாத் திறக்கவும் மாட்டார்."

"ஜன்னல் ஏதாவது இருக்கா வக்கீலம்மா?"

"ஒண்ணு இருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல ஜெயில்ல போடக்கூடிய குற்றத்துல தண்டிக்கப்பட்டவன்னு உனக்கே தெரிஞ்சிருக்கணும். தெரியும்னு அவங்க நிரூபிக்கணும். நீ ஜெயிலுக்குப் போகல. கம்பி கேஸ் முடிஞ்ச அன்னிக்கு உன்கிட்ட அதை யாராவது எடுத்துச் சொன்னாங்கன்னு காட்ட அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

"ஆனா எனக்குத் தெரியுமே."

"நான் உன்னைக் கேக்கல."

"கேட்டா?"

"கேக்க முடியாது. நீ கூண்டுல ஏறப்போறதில்ல. சும்மா உக்காந்திருக்கிறது பொய் இல்ல லோனி. அது உன் உரிமை."

ஆரம்பத்தில் இது ஒரு தந்திரமாகத்தான் எனக்குப் பட்டது. நான் கல்குவாரியில் வளர்ந்தவன். செய்ததைச் செய்தேன் என்று சொல்லி அடியை வாங்கிக்கொண்டு போவதுதான் எங்கள் பழக்கம். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒருவனைச் சிறைக்குள் அடைக்க ஆசைப்படும் அரசாங்கம் நிரூபிக்கும் சுமையைத் தானே தூக்கட்டும். நாம் ஏன் கை கொடுக்க வேண்டும்?

இருந்தாலும் லெனோருக்கு ஒரு பயம் இருந்தது. லோனியின் கருமருந்துத் துப்பாக்கி.*

* குழல் வாயில் கருமருந்தைக் கொட்டிக் குச்சியால் இடித்துச் சுடும் பழைய வகை. மத்திய அரசின் சட்டக் கண்ணுக்கு அது துப்பாக்கியே இல்லை. அதனால் லோனி போன்றவர்கள் அதை வைத்துத்தான் மான் வேட்டைக்குப் போவார்கள். ஒருவன் வீட்டில் அதைத் தவிர வேறு இல்லையென்றால் ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.

புரிகிறதா சிக்கல்? அவன் சட்டத்தை மதித்து நடந்த அத்தனை ஆண்டுகளும், தான் யார் என்று அவனுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி. ஒழுங்காக இருந்ததுதான் ஆதாரம். ஒரு தடவையாவது நல்ல துப்பாக்கியால் மான் சுட்டுத் தொலைத்திருந்தால்—

[இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.]

அரசுத்தரப்பு டெல்மரைச் சாட்சியாக அழைத்தது. நான் அவரைப் போய்ப் பார்த்தேன். இதைச் சொல், இதைச் சொல்லாதே என்று சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடாது. சொன்னால் நானே உள்ளே போவேன். எனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்.

"டெல்மர், கேட்ட கேள்விக்கு மட்டும் உண்மையான பதில்."

"நான் என்னய்யா சின்னப் புள்ளயா?"

"இல்ல. நீங்க பேசுவீங்க."

"பேசறவன்தான் ஊருக்கு உபயோகமா இருப்பான். போய்யா. லோனியை நான் பாத்துக்கறேன்."

5

பார்த்துக்கொண்டார்.

இஸ்திரி போட்ட தீயணைப்புச் சீருடையில் வந்தார். துப்பாக்கியைக் கொடுத்தீர்களா? கொடுத்தேன். யார் கையில்? அதோ, அவன் கையில். அரசு வக்கீல் உட்கார்ந்தார். லெனோர் எழுந்தார்.

"பரிசு யாருக்கு விழுந்தது?"

"ட்ரீவாவுக்கு."

"நன்றி. வேறு கேள்வி இல்லை."

அருமையாக இருந்தது. அங்கேயே இறங்கியிருக்கலாம். ஆனால் டெல்மர் ஜூரியின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"இன்னொரு விஷயம் சொல்லணுமே. சொன்னாத்தான் இவங்களுக்கு ஆளைப் புரியும்."

"சாட்சி, கேள்வி எதுவும் இல்லை" என்றார் நீதிபதி.

அரசு வக்கீல் மெல்ல எழுந்தார். "எனக்கு இருக்கிறது. என்ன சொல்ல வந்தீர்கள்?" லெனோர் ஆட்சேபித்தார். நீதிபதி சற்று யோசித்து, சொல்லட்டும் என்றார்.

"இவனை மாதிரி சட்டத்துக்குப் பயந்தவன் எங்க பள்ளத்தாக்குலயே கிடையாது!" என்றார் டெல்மர். "நாங்கள்லாம் தூரத்துலருந்தே டப்புனு சுட்டுட்டு வீட்டுக்குப் போயிருவோம். இவன் இத்தனை வருஷமா மழையிலயும் பனியிலயும் அந்தக் கருமருந்தை இடிச்சிக்கிட்டு நிக்கிறான். பாதி நாள் மருந்து நனைஞ்சு வெடிக்காது. மான் இவனைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போகும். ஒரு நாளாவது வேற துப்பாக்கியத் தொட்டிருப்பானா?"

ஜூரியில் சிலர் சிரித்தார்கள். அவர்களும் மலைக்காரர்கள்.

"ஏன் தொடமாட்டார்?" என்று அரசு வக்கீல் கேட்டார். கனிவாகத்தான் கேட்டார்.

"தொடக்கூடாதுல்ல? தான் அந்த மாதிரி ஆளுன்னு அவனுக்குத்தான் நல்லாத் தெரியு—"

[இந்த வரியை நான் வெட்டவில்லை. டெல்மர் அப்போதுதான் லெனோரின் முகத்தைப் பார்த்தார்.]

இடைவேளையில் டெல்மர் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். லோனி போய் அவர் தோளைத் தட்டினான்.

"விடுங்கண்ணே. என்னைப் பத்தி இவ்வளவு நல்லதா யாருமே பேசினதில்ல."

6

இனி முடிவு. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் விடுதலை. கூடத்தில் விருந்து, டெல்மர் அழுகிறார், ஹோபர்ட் கை தட்டுகிறார். நன்றாகத்தான் வந்தது. படித்துப் பார்த்தேன், துண்டுப் பிரசுரம்போல் இருந்தது.

இன்னொன்றில் குற்றவாளி. ட்ரீவா கதறுகிறாள். அதுவும் பொய். ட்ரீவா கதறமாட்டாள், நீதிபதியின் அம்மாவிலிருந்து ஆரம்பிப்பாள்.

மூன்றாவதில் ஜூரிக்குள் ஒத்துப்போகாமல், வழக்கு முதலிலிருந்து மறுபடியும். அதைச் சொன்னபோது லோனி, "அப்போ டெல்மர் அண்ணன் மறுபடியும் வருவாரா?" என்று கேட்டான். அதையும் தூக்கிப் போட்டேன்.

இதற்கிடையில் ஜூரியிடமிருந்து ஒரு கேள்வி வெளியே வந்தது: 'அன்று அவர் வாங்க மறுத்திருந்தால், அந்தத் துப்பாக்கியை வேறு யார் கொண்டுபோயிருப்பார்கள்?' நீதிபதி இரண்டு பக்க வக்கீல்களையும் கலந்துவிட்டு, கேட்ட சாட்சியங்களை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்று பதில் அனுப்பினார். அதாவது, தெரியாது. இன்னும் கதவு திறக்கவில்லை.

ஆகவே நீங்கள் உள்ளே போங்கள். பன்னிரண்டாவது நாற்காலி உங்களுடையது. ஒருவர் மாறினாலும் தீர்ப்பு இல்லை. பன்னிரண்டு பேரும் ஒன்றாகச் சொல்ல வேண்டும். கையில் வைத்திருந்தானா? வைத்திருந்தான். துப்பாக்கி வேறு மாநிலத்தில் செய்ததா? (அப்போதுதான் மத்திய அரசின் சட்டம் பொருந்தும்.) ஆமாம், அதில் சண்டையே இல்லை. தான் யார் என்று அவனுக்குத் தெரியுமா? டெல்மர் சொன்னதைக் கேட்டீர்கள்.

ஒரு இடைஞ்சல். ஹோபர்ட்டைப் பற்றி ஜூரியிடம் ஒரு வார்த்தை சொல்லவும் நீதிபதி விடவில்லை. தண்டனை எவ்வளவு என்பதையும் சொல்லவிடவில்லை. அது உங்கள் கவலை அல்ல என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். நான் இரண்டையும் உங்களிடம் சொல்லிவிட்டேன். அந்த அறையில் இருக்கும் மற்ற பதினோரு பேருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் மறந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். முயன்று பாருங்கள். எனக்கு முடியவில்லை, அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

வெளியே வந்ததும் லெனோர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்வார். அது அவர் வழக்கம். உங்கள் முறை வரும். எழுந்து நிற்க வேண்டும். லோனி எதிரே இருப்பான், தலையைக் குனியமாட்டான், உங்களையே பார்ப்பான். இதுதான் உங்கள் தீர்ப்பா என்று கேட்பார்கள். பதிலுக்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன்:

. . . . . . . . . .

சத்தமாகச் சொல்லுங்கள். ட்ரீவா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.